பாராமெடிக் படிப்புக்குக் கம்பெனி ஃபீஸ் கட்டும், பதிலுக்கு இரண்டு வருடம் கேட்கும்: கையெழுத்துப் போடலாமா?

டல்லஸ் பக்கம் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் இ.எம்.டி.யாக, அதாவது ஆம்புலன்ஸில் அடிப்படை நிலை ஊழியராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருச்சியில் பி.எஸ்சி. முடித்து, கிரீன் கார்டில் வந்தவர். அதற்கு மேல்நிலையான பாராமெடிக் படிக்க 11,000 டாலர் ஃபீஸைக் கம்பெனியே கட்டுமாம். பதிலுக்கு இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டுமாம். ஊரில் இருக்கும் அப்பா, "பாண்டு எழுதிக் கொடுத்தால் அடிமைதான்" என்கிறார். கூட வண்டியில் போகும் நண்பர், "சும்மா வருகிற படிப்பை எவனாவது விடுவானா" என்கிறார். லண்டனில் இருக்கும் அத்தை மகன், "இங்கே இப்படி எதையும் எழுதி வாங்க மாட்டார்களே" என்கிறார்.

அப்பா சொல்வதில் பாதி சரி, நண்பர் சொல்வதில் கால்வாசி சரி. அத்தை மகன் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் உங்களுக்கு உதவாது.

நான் டெக்சாஸில் பன்னிரண்டு வருடமாகப் பாராமெடிக். அதில் ஐந்து வருடம் புதிதாக வருபவர்களைக் கூட வைத்துப் பழக்கும் எஃப்.டி.ஓ. வேலை. இதே மாதிரி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அதில் ஒரு வரியைச் சரியாகப் படிக்காமல் அடிபட்டவன். என் பதில் இதுதான்: படியுங்கள். பத்திரத்தில் சில இடங்களைத் திருத்திக் கொடுத்தால் கையெழுத்தும் போடுங்கள். திருத்த மாட்டோம் என்றால் கம்யூனிட்டி காலேஜில் சொந்தக் காசில் படிப்பதே மேல்.

முதலில் அந்த 11,000 டாலரை ஒதுக்கி வையுங்கள். பாராமெடிக் படிப்பில் ஃபீஸ் சின்னச் செலவு. பெரிய செலவு உங்கள் நேரம். இ.எம்.டி. கோர்ஸை நூற்றைம்பது மணி நேரம் அளவில் முடித்திருப்பீர்கள். பாராமெடிக் அதைப்போல எட்டு மடங்குக்கு மேல்; வகுப்பு, லேப், ஆஸ்பத்திரி கிளினிக்கல், ஆம்புலன்ஸ் இன்டர்ன்ஷிப் எல்லாம் சேர்த்து 1,200 மணி நேரத்தைத் தாண்டும். ஆபரேஷன் தியேட்டரில் மூச்சுக்குழாயில் டியூப் போடப் பழக வேண்டும், பிரசவ வார்டில் நிற்க வேண்டும், குழந்தைகள் பிரிவுக்குப் போக வேண்டும். கடைசியில் பிரிசெப்டர் என்ற பயிற்சி தரும் மூத்தவர் பக்கத்தில் நின்று பார்க்க, ஒவ்வொரு கேஸையும் நீங்களே முன்னின்று நடத்திக் காட்ட வேண்டும். இதற்காக வாரம் இரண்டு ஷிப்ட்டை விடுவீர்கள். மணிக்கு 18 டாலர் என்று வைத்தாலும், 1,200 மணி நேரம் என்பது 21,600 டாலர். ஃபீஸைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதுதான் நீங்கள் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "ஃபீஸ் நாங்கள் கட்டுகிறோம்" என்று பெரிதாகச் சொல்கிற கம்பெனிகள் பல, இந்த இடத்தில் வாயைத் திறக்காது.

சட்டமும் இங்கே அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. பயிற்சி நேரம் சம்பள நேரமாக ஆகாமல் இருக்க மத்திய தொழிலாளர் விதிகளில் நான்கு நிபந்தனை உண்டு: வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், நீங்களாக விரும்பிப் போக வேண்டும், இப்போது செய்யும் வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்படக் கூடாது, அந்த நேரத்தில் கம்பெனிக்கு உழைத்துத் தரக் கூடாது. இ.எம்.டி. ஒருவர் பாராமெடிக் படிப்பது இப்போதைய வேலையைத் திறமாகச் செய்ய அல்ல, வேறொரு வேலைக்குத் தயாராக என்றுதான் அவர்கள் வக்கீல் வாதிடுவார். விருப்பப்பட்டுத்தானே போனீர்கள் என்பார். "பாராமெடிக் ஆகாவிட்டால் இங்கே வேலை இல்லை" என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருந்தால் கதை மாறும். அப்படி ஒரு இ-மெயில் வந்திருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

நான்காவது நிபந்தனையை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் வண்டியில் மூன்றாவது ஆள். படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் விதியே, மாணவரை ஊழியருக்குப் பதிலாக நிறுத்தக் கூடாது என்கிறது. ஆள் குறைவு என்று உங்களையே இரண்டாவது ஆளாக ஏற்றிவிட்டு, அதை இன்டர்ன்ஷிப் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னால், அது வேலை. சம்பளம் வர வேண்டும். பள்ளியிலும் அந்த நேரம் செல்லாது.

அப்பா சொல்லும் "பாண்டு" விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் ஆட்களுக்கு ஐ.டி. கம்பெனி பாண்டும், மேல்படிப்பு முடித்த டாக்டர்களின் அரசுப் பணி பாண்டும் நன்றாகத் தெரியும். இந்தியாவிலேயே 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் வேலையை விட்ட விஜயா வங்கி அதிகாரி ஒருவர் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. ஆக, அங்கேயும் இது வெறும் மிரட்டல் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் யாரும் உங்களைப் பிடித்து வைத்து வேலை வாங்க முடியாது. நாளைக்கே போய்விடலாம். பாண்டு என்று பேர் இருந்தாலும் உள்ளே இருப்பது நம் ஊர் புரோநோட்டுதான்: இருந்தால் கடன் தள்ளுபடி, போனால் கடன் பாக்கி. அதை அந்தக் கண்ணோடு படியுங்கள். தொகை எவ்வளவு, எப்போது குறையும், எப்போது பாக்கி விழும், வட்டி உண்டா, வக்கீல் செலவு யார் தலையில்.

இப்படிப்பட்ட பத்திரம் கோர்ட்டில் நிற்குமா என்றால், பெரும்பாலும் நிற்கும். நம் தொழிலிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் டூ ரிவர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். தீயணைப்பு வீரர்களைப் பாராமெடிக்குகளாகவும் பயிற்றுவிக்க நகராட்சி முடிவு செய்தது. செலவு நகராட்சியுடையது, மூன்று வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். ஹெடர் என்ற வீரர் முன்பே விலகினார். நகராட்சி அவருடைய கடைசிச் சம்பளத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. வழக்கு 2002இல் ஏழாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பது தப்பில்லை. ஆனால் கடைசிச் சம்பளத்தில் குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்காமல் பிடித்தது தப்பு. மீதியை, கடன் கொடுத்த மற்றவர்களைப் போலத்தான் வசூலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 2010இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் போலீஸ் பயிற்சி வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட்டும் இதே வழியில் போனது. அங்கே பத்திரம் கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருந்தது: 8,000 டாலர், வருடத்துக்கு 20 சதவீதமாக ஐந்து வருடத்தில் கழியும்.

டெக்சாஸ் இந்த இரண்டு நீதிமன்றங்களின் எல்லைக்குள்ளும் வராது. ஆனாலும் உங்கள் ஹெச்.ஆரின் வக்கீல் இவற்றைப் படித்துத்தான் பத்திரம் எழுதியிருப்பார். டெக்சாஸில் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று குறிப்பிட்டு நீங்கள் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். அந்தச் சம்மதம் பத்திரத்தோடு மூன்றாவது, நான்காவது தாளாக வரும். எல்லாத் தாளிலும் மளமளவென்று கையெழுத்துப் போடும்போது அதுவும் போய்விடும். அதைத் தனியாக எடுத்து வைத்து, "இதில் மட்டும் போட மாட்டேன், விலகினால் தவணையில் கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இனி நான் அடிபட்ட வரி. உங்கள் பத்திரத்தில் இரண்டு வருடம் என்று இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து? வகுப்பு தொடங்கிய நாளா, முடிந்த நாளா, நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற தேசியத் தேர்வு பாஸான நாளா, மாநிலச் சான்று கைக்கு வந்த நாளா? என் பத்திரத்தில் இருந்தது "கம்பெனியில் தனித்துப் பணிபுரிய அனுமதி பெற்ற நாள் முதல்" என்று. படித்தபோது எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். டெக்சாஸில் கம்பெனியின் மெடிக்கல் டைரக்டராக இருக்கும் டாக்டர் தன் அதிகாரத்தை நமக்குக் கைமாற்றித் தருவதால்தான் நாம் மருந்து கொடுக்கிறோம். மாநிலச் சான்று சட்டைப் பையில் இருந்தாலும், அவர் "சரி" என்று சொல்லும்வரை நீங்கள் அந்தக் கம்பெனியில் இ.எம்.டி.தான், சம்பளமும் அதுதான். எனக்கு எஃப்.டி.ஓ. ஷிப்ட் கிடைக்கவே மூன்று மாதம், மெடிக்கல் டைரக்டர் மாறியதால் இன்னும் இரண்டு மாதம். அந்த ஐந்து மாதமும் இ.எம்.டி. சம்பளத்தில் ஓட்டினேன், இரண்டு வருடக் கணக்கில் ஒரு நாள்கூடக் கழியவில்லை. கம்பெனி பேர் வேண்டாம், இப்போது அங்கே ஆட்களே வேறு.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. அமெரிக்காவில் நவீனப் பாராமெடிக் தொழிலின் முன்னோடிகளே வேலையில்லாமல் இருந்து, காசில்லாமல் பயிற்சி பெற்றவர்கள்தான். 1967இல் பிட்ஸ்பர்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, டாக்டர் பீட்டர் சஃபர் வகுத்த சுமார் 300 மணி நேரப் பாடத்தில் கறுப்பின இளைஞர்களைப் பயிற்றுவித்து ஆம்புலன்ஸில் ஏற்றியது. நாட்டுக்கே முன்மாதிரியானார்கள். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இவர்களைச் சேர்த்துக்கொண்டபோது, புதுத் தேர்வுகள் வைத்து, அனுபவசாலிகள் பலரை ஓரங்கட்டியது. "தகுதி பெற்ற நாள்" எது என்று சொல்லும் உரிமை யார் கையில் என்பது அன்றும் சின்ன விஷயமாக இல்லை.

ஆகவே தேதியை மாநிலச் சான்று கிடைத்த நாளோடு கட்டச் சொல்லுங்கள். அதை வெளியிடுவது மாநில சுகாதாரத் துறை. கம்பெனியால் இழுத்தடிக்க முடியாது. வகுப்பு முடிந்த நாள் என்று வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, நீங்கள் போகாமல் அவர்களே அனுப்பினால் என்ன ஆகும்? டெக்சாஸில் காரணம் சொல்லாமலே வேலையை விட்டு நீக்கலாம். நீங்கள் இரண்டு வருடம் இருப்பதாக எழுதித் தருகிறீர்கள். அவர்கள் இரண்டு வருடம் வைத்திருப்பதாக எழுதித் தரவில்லை. "எக்காரணத்தால் பணி முடிவுற்றாலும்" என்ற சொற்றொடர் பத்திரத்தில் இருந்தால் அதில்தான் பேனாவை வைக்க வேண்டும். "ஊழியர் தானாக விலகினால், அல்லது ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். முதுகு போகும் தொழில் இது. நூற்றைம்பது கிலோ நோயாளியை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கியதில் டிஸ்க் நழுவி வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். காயத்தால் விலகினால் பாக்கி கிடையாது என்பது எழுத்தில் இருக்கட்டும். கம்பெனி விற்கப்பட்டால், ஒப்பந்தம் போய் உங்கள் ஸ்டேஷன் மூடினால் என்ன என்பதும்.

கம்பெனி மூடுவதெல்லாம் நடக்குமா என்று சிரிக்காதீர்கள். ரூரல் மெட்ரோ என்ற பெரிய கம்பெனி 2013இல் திவால் மனு போட்டது, இரண்டு வருடம் கழித்து ஏ.எம்.ஆர். என்ற இன்னொரு ஆம்புலன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. நியூயார்க்கின் டிரான்ஸ்கேர் 2016 பிப்ரவரியில் திடீரென்று இழுத்து மூடியது. மூடினால் கடன் போயிற்று என்று நினைக்கலாம். புரோநோட்டு என்பது கம்பெனியின் சொத்து. திவால் கணக்கைப் பார்ப்பவர் அதையும் வசூலிக்கப் பார்ப்பார், இல்லை கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு விற்பார்.

தேர்வில் தோற்றால்? நேஷனல் ரெஜிஸ்ட்ரி கம்ப்யூட்டர் தேர்வில் மூன்று முயற்சி. அதன் பிறகு மறுபயிற்சி முடித்து இன்னும் மூன்று. முன்பு இருந்த செய்முறைத் தேர்வை 2024 நடுவில் எடுத்துவிட்டார்கள், அதனால் இப்போது எல்லாம் இந்த ஒரே தேர்வில்தான். சில பத்திரங்களில் முதல் முயற்சியில் தவறினாலே மொத்த ஃபீஸும் பாக்கி. குறைந்தது மூன்று முயற்சி கேளுங்கள். பள்ளிக்கு சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. என்ற அமைப்பு தரும் அங்கீகாரமோ, அதற்கு முந்தைய கட்டமான லெட்டர் ஆஃப் ரிவ்யூவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். 2013 ஜனவரி 1 முதல் அது இல்லாமல் தேசியத் தேர்வே எழுத முடியாது. கம்பெனி சொந்தப் பள்ளி நடத்துவது தப்பில்லை. லூசியானாவின் அகேடியன் ஆம்புலன்ஸ் நல்ல பெயரோடு நடத்துகிறது. ஆனால் அப்போது "11,000 டாலர்" என்பது அவர்களே போட்ட விலை. அதே கோர்ஸை வெளியாள் சேர்ந்தால் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று போனில் கேட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. 11,000 டாலரை 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 458 டாலர். நீங்கள் ஒவ்வொரு மாதமும் அங்கே இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. பக்கத்து ஊர் ஃபயர் டிபார்ட்மென்ட்டோ கவுண்டி ஆம்புலன்ஸோ பாராமெடிக்குக்கு மணிக்கு 3 டாலர் கூடத் தருகிறது என்று வையுங்கள். வாரம் 48 மணி நேரம், அதில் எட்டு மணி ஓவர்டைம். 52 மணி நேரச் சம்பளத்துக்குச் சமம். வாரம் 156 டாலர், இரண்டு வருடத்தில் 16,224 டாலர். 11,000 டாலர் படிப்புக்கு 16,000 டாலர் விட்டுக்கொடுத்தவர் ஆவீர்கள். வித்தியாசம் ஒரு டாலர்தான் என்றால் 5,400 டாலர் சொச்சம். அப்போது பத்திரம் லாபம். கையெழுத்துக்கு முன் பக்கத்து மூன்று ஏஜென்சியின் சம்பள விகிதத்தை எழுதிப் பாருங்கள். மற்ற எல்லா ஆலோசனையையும்விட இந்த அரை மணி நேர வேலை உதவும். நாடு முழுக்கப் பார்த்தால் 2024 மே கணக்கில் இ.எம்.டி.யின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 41,000 டாலருக்குச் சற்று மேல், பாராமெடிக்குக்கு 58,000க்கு மேல். அதனால்தான் படிப்பை விட வேண்டாம் என்கிறேன். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே வயதாகிவிடக் கூடாது.

மாதா மாதம் கழியும் பத்திரமா என்பதும் இந்தக் கணக்கில் சேரும். பதினைந்தாம் மாதம் நல்ல வேலை கிடைத்து விலகினால், கழியும் பத்திரத்தில் பாக்கி 4,125 டாலர். கழியாத பத்திரத்தில் 11,000. புது முதலாளியே 4,000 டாலர் சைன்-ஆன் போனஸாகத் தந்துவிடுவான். 11,000 தர மாட்டான்.

வரியையும் யாரும் சொல்வதில்லை. முதலாளி கட்டும் படிப்புச் செலவில், முறையான திட்டமாக இருந்தால், வருடத்துக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வரியில்லை. 11,000த்தையும் ஒரே காலண்டர் வருடத்தில் கட்டினால் மீதி உங்கள் டபிள்யூ-2 என்ற வருடச் சம்பளப் படிவத்தில் சம்பளமாக ஏறலாம். ஆகஸ்டில் பாதி, ஜனவரியில் பாதி என்று கட்டச் சொன்னால் பெரும்பகுதி தப்பிக்கும். வகுப்பு எப்படியும் இரண்டு காலண்டர் வருடத்தில் கால் வைக்கும் என்பதால் இதற்கு மறுப்பு வராது.

அத்தை மகன் சொன்னதற்கு: இங்கிலாந்தில் பாராமெடிக் ஆக 2021 செப்டம்பர் முதல் டிகிரி மட்டத்துக்குப் படிப்பு வேண்டும், ஆனால் அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் சம்பளத்தோடு படிக்கலாம், பயிற்சிச் செலவை அப்ரென்டிஸ் தலையில் கட்டக் கூடாது என்பது அங்கே நிதி விதி. இங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் நகர்கிறது. கொலராடோவில் 2022 முதல், திருப்பிக் கேட்கும் தொகை நியாயமானதாகவும், இரண்டு வருடத்தில் மாதக் கணக்கில் கழிவதாகவும் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் போடும் இப்படிப்பட்ட பத்திரங்கள் பெரும்பாலும் செல்லாது. மற்ற கம்பெனிகளிலும் செல்லுபடியாகும் படிப்புக்கு மட்டும், வட்டியில்லாமல், கழியும் முறையில், வேலைக்கு நிபந்தனையாக்காமல் போட்டால் விலக்கு. டெக்சாஸில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் கலிபோர்னியாவின் அந்த விலக்கு நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி ஹெச்.ஆரிடம் நீட்டலாம். பல மாநிலத்தில் வண்டி ஓட்டும் கம்பெனியாக இருந்தால் அந்த வாசகம் அவர்களிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

கடைசியாக, கேட்காத ஒன்று. டெக்சாஸில் பாராமெடிக் சான்று வேறு, "லைசென்ஸ்டு பாராமெடிக்" வேறு. செய்யும் வேலை ஒன்றுதான், லைசென்ஸுக்கு இ.எம்.எஸ். எனும் அவசர மருத்துவ சேவைப் பாடத்தில் இரண்டு வருட டிகிரியோ, எந்தப் பாடத்திலாவது நான்கு வருட டிகிரியோ வேண்டும். உங்கள் திருச்சி பி.எஸ்சி. மூன்று வருடம், மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி அமெரிக்க பேச்சலர்ஸுக்குச் சமம் என்று வருகிறதா பாருங்கள். சில கம்பெனிகள் லைசென்ஸுக்கு மணிக்குக் கொஞ்சம் கூடத் தருகின்றன. அப்படி இருந்தால் பத்திரத்தில் "சான்று" என்று இருக்கிறதா "லைசென்ஸ்" என்று இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இரண்டு வருடம் லைசென்ஸ் தேதியிலிருந்து என்று எழுதிவிட்டு, நீங்கள் சான்று மட்டும் வாங்கினால், அந்த இரண்டு வருடம் தொடங்கவே தொடங்காது.